டீச்சரிடம் கேளுங்கள்: பாரிஸ் புரட்சிக்கும் கண்டிச் சீமைக்கும் என்ன சம்பந்தம்?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் புரட்சியையும் யுத்தத்தையும் பற்றியவை. உயர்தரப் பரீட்சை நெருங்குவது ஒரு காரணமாக இருக்கலாம். ஒன்றோடொன்று தொடர்புள்ள ஐந்தை எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், அடுத்த இதழில் பார்ப்போம்.

டீச்சர், நான் உயர்தரத்தில் வரலாறு படிக்கிறேன். பிரெஞ்சுப் புரட்சியை மனப்பாடம் பண்ணியே சலித்துவிட்டது. எங்கேயோ நடந்த விஷயம். எங்கள் மலைநாட்டுக்கும் அதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா? (மாணவி, ஹட்டன்)

உண்டு மகள், நிறையவே உண்டு. பஸ்தீல் சிறையை உடைத்த 1789 ஜூலை 14-ஐ நன்றாகப் பாடமாக்கியிருப்பீர்கள். அங்கிருந்து ஆறு வருடம் தள்ளி வாருங்கள்.

1795 ஜனவரியில் பிரெஞ்சுப் புரட்சிப் படை ஒல்லாந்துக்குள் புகுந்தது. உள்ளூரிலும் புரட்சிக்காரர் இருந்தார்கள். அவர்கள் சேர்ந்துகொண்டு பட்டேவியக் குடியரசு என்று அறிவித்துவிட்டார்கள். அந்த நாட்டின் தலைவராக இருந்த ஐந்தாம் வில்லியம் மீன்பிடிப் படகில் ஏறி இங்கிலாந்துக்குத் தப்பினார். லண்டனுக்குப் பக்கத்தில் கியூ என்ற இடத்தில் தங்கி, பெப்ரவரி மாதம், கடல் கடந்த ஒல்லாந்த இடங்களுக்கெல்லாம் கடிதம் எழுதினார். ஆங்கிலேயப் படை வந்தால் உள்ளே விடுங்கள், பிரெஞ்சுக்காரரிடமிருந்து காப்பாற்ற வரும் நண்பர்களாக நினையுங்கள் என்பது அதன் சாரம்.

அப்போது இலங்கையின் கரையோரம் ஒல்லாந்தர் கையில் இருந்தது. கடிதத்தைக் காட்டிக்கொண்டு ஆங்கிலேயர் வந்தார்கள். திருகோணமலையில் விடவில்லை, சண்டை நடந்தது. ஓகஸ்ட் மாதத்தில் அது விழுந்தது, செப்டெம்பரில் யாழ்ப்பாணம். கொழும்பைக் காவல் காத்தவர்களில் ஒல்லாந்தர் கூலிக்கு அமர்த்திய சுவிஸ் படையும் ஒன்று. டி மியூரோன் என்ற பிரபுவுக்குச் சொந்தமான படை அது. ஸ்கொட்லாந்துப் பேராசிரியர் ஹியூ கிளெகோர்ன் அந்தப் பிரபுவைத் தேடிப்பிடித்து, படையை அப்படியே ஆங்கிலேயர் பக்கம் மாற்றிக் கொடுக்கும்படி பேசி முடித்தார். அந்தச் செய்தியைப் பாலாடைக்கட்டிக்குள் ஒளித்துக் கொழும்புக் கோட்டைக்குள் அனுப்பினார்கள் என்று ஒரு கதை உண்டு. 1796 பெப்ரவரியில் கொழும்பும் கைமாறியது. அதே சுவிஸ் படை 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானுக்கு எதிராகப் போய் நின்றது.

பாரிஸில் தொடங்கியது ஏழு வருடத்தில் கொழும்புக்கு வந்துவிட்டது பார்த்தீர்களா? மலைக்கு ஏற இன்னும் ஏழு வருடம் பிடித்தது. 1803-இல் இரண்டு பக்கமாகக் கண்டிக்குப் படை கிளம்பியது. ஜெனரல் மக்டொவல் கொழும்பிலிருந்தும், கேணல் பார்பட் திருகோணமலையிலிருந்தும் வந்தார்கள். பெப்ரவரியில் உள்ளே போனால் நகரம் காலி. அரசனும் சனங்களும் காட்டுக்குள். வெறும் நகரத்தைப் பிடித்து, முத்துசாமி என்பவரைப் பொம்மை அரசனாக உட்காரவைத்துவிட்டுப் பெரும்படை இறங்கிப் போனது. மிஞ்சிய காவல் படையைக் காய்ச்சல் தின்றது. ஜூன் 24-ஆம் திகதி மேஜர் டேவி சரணடைந்தார். திருகோணமலைக்குப் போகலாம் என்று வெளியே வந்தவர்களை மகாவலி வெள்ளம் வட்டாபுளுவையில் மறித்துவிட்டது. முதலில் முத்துசாமியைக் கொடு என்று கண்டியர் கேட்டார்கள். டேவி ஒப்படைத்தார். முத்துசாமியின் தலை போனது. இரண்டு நாளில் படையினரும் அந்த ஆற்றங்கரையில் கொல்லப்பட்டார்கள். டேவி சாகும்வரை கண்டியில் கைதிதான்.

பரீட்சைக்கு இவ்வளவும் வேண்டாம். ஆனால் அடுத்த முறை கண்டிக்குப் போகும்போது பஸ் ஜன்னலால் மகாவலியைப் பாருங்கள்.

நெப்போலியன் இலங்கையைப் பிடிக்க வந்தானா? நண்பன் பந்தயம் கட்டியிருக்கிறான். (வாசகர், நுவரெலியா)

வரவில்லை. அவன் கிழக்கே வந்தது 1798-இல் எகிப்துக்கும், அடுத்த வருடம் அதற்கு அப்பால் சிரியாக் கரைக்கும். நண்பன் நினைப்பது வேறொருவராக இருக்கும். புரட்சிக்கு முன்பே, 1782-இல், சுஃப்ரென் என்ற பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி திருகோணமலையைப் பிடித்திருந்தார். அந்தத் துறைமுகம் மறுபடியும் பிரெஞ்சுக்காரரிடம் போய்விடும் என்ற பயம்தான் ஆங்கிலேயரை 1795-இல் அவசரப்படுத்தியது.

கண்டியின் கடைசி ராஜா தமிழனா? ஒப்பீசில் பெரிய வாக்குவாதம். நீங்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறோம் என்று இரண்டு கட்சியும் ஒத்துக்கொண்டிருக்கிறது. (தோட்ட எழுதுவினைஞர், பண்டாரவளை)

தம்பி, இரண்டு கட்சிக்கும் முழு வெற்றி கிடைக்காது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் பிறந்த பெயர் கண்ணுசாமி. 1798-இல் பட்டத்துக்கு வந்தபோது இளவயது. வம்சம் நாயக்கர் வம்சம். கண்டி அரசர்கள் மதுரைப் பக்கத்து நாயக்கர் குடும்பங்களில் பெண்ணெடுத்து வந்தார்கள். 1739-இல் கண்டி அரசனுக்குப் பட்டத்து வாரிசு இல்லாமல் போகவே, அரசியின் தம்பி அரியணை ஏறினார். அன்றிலிருந்து நான்கு நாயக்க அரசர்கள். தெலுங்கு வழி வந்தவர்கள், தமிழும் பேசினார்கள், புத்த சமயத்தைக் காத்தார்கள். சியாமிலிருந்து பிக்குமாரை வரவழைத்து 1753-இல் உபசம்பதாவை, அதாவது பிக்குமாரின் உயர் துறவுச் சடங்கை, மறுபடி நிலைநாட்டியதும் ஒரு நாயக்க அரசர்தான், கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன். இன்று நாம் போய்ப் பார்க்கும் கண்டிக் குளமும், தலதா மாளிகையின் எண்கோண மண்டபமும் கண்ணுசாமி காலத்து வேலை. அவரை "எங்கள் ஆள்" என்று தோளில் தூக்கவும் எனக்கு மனம் வராது. எகலப்பொல அதிகாரியின் மனைவி பிள்ளைகளை அவர் கொல்லவைத்ததை எந்தத் தாயாலும் மன்னிக்க முடியாது.

உங்கள் ஒப்பீசில் பேசவேண்டியது இன்னொன்று. 1815 மார்ச் 2-ஆம் திகதி, கண்டி அரண்மனைச் சபா மண்டபமான மகுல் மடுவத்தில் கண்டி ஒப்பந்தம் வாசிக்கப்பட்டது. கண்டிப் பிரதானிகள் ஒரு பக்கம், தேசாதிபதி பிரவுன்றிக் மறுபக்கம். மலபார் இனத்தாருக்குக் கண்டி அரியணையில் இனி உரிமையே இல்லை என்று அதில் எழுதினார்கள். தென்னிந்தியரை, முக்கியமாகத் தமிழரை, அந்தக் காலத்து ஆங்கிலேயர் குறித்த சொல் மலபார். அரசனின் உறவுமுறை ஆண்கள் அனுமதியில்லாமல் கண்டி மண்ணில் கால் வைத்தால் இராணுவச் சட்டப்படி தண்டனை என்றும் இருக்கிறது. இந்த மலையில் யார் இருக்கலாம், யார் இருக்கக்கூடாது என்று எழுத்தில் போட்டுக் கையெழுத்து வாங்கிய அந்தக் கடதாசியை நினைத்தால், 1948-இல் மலையகத் தமிழரான எங்கள் பிரஜாவுரிமையைப் பறித்த சட்டம்தான் எனக்கு ஞாபகம் வருகிறது.

கண்டி ஒப்பந்தத்துக்கு முந்தின நாள், அதாவது மார்ச் 1-ஆம் திகதி, எல்பா தீவிலிருந்து தப்பிய நெப்போலியன் பிரான்ஸ் கரையில் இறங்கியிருந்தான். ஐரோப்பாவே அல்லோலகல்லோலப்பட்ட அந்த வாரத்தில்தான் கண்டி போனது. வோட்டர்லூவில் நெப்போலியன் விழுந்தது அதே வருடம் ஜூனில்.

கண்ணுசாமியை அடுத்த வருடம் கப்பலேற்றி வேலூருக்கு அனுப்பினார்கள். 1832-இல் அங்கேயே செத்தார். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என்ற பெயரில் சமாதி இருக்கிறது. இந்தியாவுக்கு யாத்திரை போகிறவர்கள் வேலூர் வழியாகப் போனால் இறங்கிப் பாருங்கள். நான் போயிருக்கிறேன். எங்கள் மலையை ஆண்டவர் அங்கேயும், அங்கே பிறக்கவேண்டிய நான் இந்த மலையிலும் என்று நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் படியில் உட்கார்ந்திருந்தேன்.

டீச்சர், என் மகன் பள்ளியில் 1818-ஐ "ஊவா கிளர்ச்சி" என்று எழுதினான். "சுதந்திரப் போராட்டம்" என்று எழுதச் சொல்லித் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். எது சரி? (தாய், பசறை)

இரண்டுக்கும் ஒரே சம்பவம்தான். அடக்கியவர்கள் கிளர்ச்சி என்றார்கள். புத்தகத்தில் எப்படி இருக்கிறதோ அப்படி எழுதி மார்க்ஸை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். ஆனால் அந்தப் பிள்ளை வளரும் பசறையைச் சுற்றித்தான் இது நடந்தது என்பதால் கொஞ்சம் கூடச் சொல்லிக்கொடுங்கள்.

கண்டி ஒப்பந்தம் எழுதி மூன்று வருடம்கூட ஆகவில்லை. 1817 கடைசியில் ஊவாவின் வெல்லஸ்ஸையில் ஆங்கிலேயருக்கு எதிராக எழும்பினார்கள். பதுளையிலிருந்து போன உதவி அதிகாரி வில்சன் அம்பு பட்டுச் செத்தார். அடக்கப் போன திசாவை கெப்பிட்டிப்பொல, எதிரி கொடுத்த துவக்கால் எதிரியோடு சண்டை பிடிக்கமாட்டேன் என்று ஆயுதங்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, போராடியவர்களோடு சேர்ந்துகொண்டார். அவர்களுக்கு ஓர் அரசன் தேவைப்பட்டது. யாரை முன்னுக்கு நிறுத்தினார்கள் தெரியுமா? துறவறம் விட்டுவந்த வில்பாவை என்ற சிங்களவர், தன்னைத் துரைசாமி என்று சொல்லிக்கொண்டார். நாயக்க அரச குடும்பத்துப் பெயர் அது. மலபார் இனத்துக்கு உரிமை இல்லை என்று பிரதானிகள் ஒப்பமிட்டு இரண்டரை வருடத்தில், ஊவாவின் சிங்கள விவசாயி ஒரு தமிழ்ப் பெயரின் பின்னால் அணி திரண்டான். இதைப் படிப்பிக்கும்போதெல்லாம் வகுப்பு ஒரு நிமிடம் அமைதியாகிவிடும். சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

அடக்கிய விதம் பயங்கரம். நெல்லை எரித்தார்கள், மாட்டைக் கொன்றார்கள், பழமரங்களை வெட்டினார்கள். ஊவா அதற்குப் பிறகு பல காலம் நிமிரவில்லை. கெப்பிட்டிப்பொலவை 1818 நவம்பர் 26-ஆம் திகதி கண்டி போகம்பரையில் தலை வெட்டினார்கள். மண்டையோட்டை எடின்பரோவுக்குக் கொண்டுபோனார்கள். மண்டையின் வடிவத்தை வைத்துக் குணத்தைக் கணிக்கலாம் என்று நம்பிய ஒரு சங்கத்துக்கு அது காட்சிப் பொருளாகப் போய், 1954-இல்தான் திரும்பி வந்தது. மகனைக் கண்டிக்குக் கூட்டிப்போனால் தலதா மாளிகை முன்னால் அவருடைய நினைவுத்தூணைக் காட்டுங்கள்.

இந்தப் போர்கள் நடந்தபோது எங்கள் ஆட்கள் இங்கே இல்லை. பிரான்சும் எங்களுடையது அல்ல, கண்டி ராச்சியமும் எங்களுடையது அல்ல. தோட்டத்துப் பிள்ளைகள் எதற்கு இதைப் படிக்க வேண்டும்? கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகக் கேட்கிறேன். (இளம் ஆசிரியர், ரத்தோட்டை)

தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். நானும் ரத்தோட்டைப் பக்கத்து லயத்தில் பிறந்தவள்தான். பத்தாம் வகுப்பில் 1848 மாத்தளைப் போராட்டம் பற்றிக் கேள்வி கேட்க எழும்பிய என்னிடம், "இது உங்கள் ஆட்களுடைய சரித்திரம் இல்லை, உட்கார்" என்றார் ஓர் ஆசிரியர். உட்கார்ந்துவிட்டேன். முப்பத்தொரு வருடம் மாத்தளையில் வரலாறு படிப்பித்தது அன்றைக்குக் கேட்க முடியாமல் போன கேள்விக்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

நாம் ஏன் இந்த மலைக்கு வந்தோம்? கோப்பிக்கு. கோப்பி ஏன் இந்த மலைக்கு வந்தது? இதற்குப் பதில் பாரிஸில்கூட இல்லை, கரீபியன் கடலில் இருக்கிறது. செந்தொமிங்கு என்று பிரெஞ்சுக்காரரின் குடியேற்ற நாடு ஒன்று, இப்போதைய ஹெய்ட்டி. அங்கே ஏறக்குறைய 5 லட்சம் ஆபிரிக்க அடிமைகள். உலகச் சந்தைக்கு வந்த கோப்பியில் கிட்டத்தட்டப் பாதி அவர்கள் கையால் பறித்தது. எல்லா மனிதரும் சமம் என்று பாரிஸ் அறிவித்தது அவர்கள் காதிலும் விழுந்தது. 1791 ஓகஸ்டில் எழும்பினார்கள். தோட்டங்கள் எரிந்தன. தூசேன் லூவர்தூர் என்ற பழைய அடிமை அவர்களுக்குத் தளபதியானார். அவரை ஏமாற்றிப் பிடித்து பிரான்சின் மலைக்கோட்டை ஒன்றில் அடைத்து, 1803 ஏப்ரலில் சாகவிட்டார்கள். கண்டியில் டேவியின் படை காய்ச்சலில் விழுந்துகொண்டிருந்த அதே மாதங்கள். நெப்போலியன் ஹெய்ட்டிக்கு அனுப்பிய பெரும்படையையும் மஞ்சள் காய்ச்சல்தான் பாதி தின்றது. 1804 ஜனவரி 1-ஆம் திகதி அவர்கள் சுதந்திரம் பெற்றார்கள்.

சந்தையில் அந்தப் பாதிக் கோப்பி இல்லாமல் போனது. பிரேசிலும் ஜாவாவும் ஜமெய்க்காவும் அந்த இடத்துக்கு ஓடின. பிறகு 1833-இல் ஆங்கிலேயர் தங்கள் சாம்ராச்சியத்தில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட, ஜமெய்க்காக் கோப்பியும் சரிந்தது. 1835-இல் இலங்கைக் கோப்பிக்கும் மேற்கிந்தியக் கோப்பிக்கும் இங்கிலாந்தில் ஒரே தீர்வை என்று ஆனது. அதற்குள் கண்டிக்கு வண்டிப் பாதை போட்டாயிற்று. கம்பளைப் பக்கத்தில் தோட்டமும் தொடங்கியிருந்தது. கோப்பிச் செடி கண்டிக்குப் புதிதல்ல, சிங்களக் கிராமத்தில் இலையைக் கறிக்குப் போடுவார்கள், பூவை விகாரைக்கு வைப்பார்கள். துரைமார் காட்டை வெட்டி மலைமலையாக நட்டதுதான் புதிது. 1840-இல் ஒரு சட்டம் வந்தது. உரிமையை நிரூபிக்க முடியாத காடும் தரிசும் அரசாங்கத்துக்குச் சொந்தம். ஏக்கர் ஐந்து சிலிங்குக்கு விற்றார்கள். கண்டிக் கிராமத்தான் மாடு மேய்த்த, சேனை வெட்டிய காடு அப்படிப் போனது.

நிலம் கிடைத்துவிட்டது. ஆள்? அடிமை வைக்க முடியாத காலத்துக்கு ஆள் வேண்டும். அப்போதுதான் எங்கள் பாட்டன் பூட்டன் வருகிறார்கள்.

என் அப்பாயி வழி முசிறிப் பக்கம். திருச்சிக் கோட்டைக்குக் கொஞ்சம் மேலே, காவேரிக் கரை. 1801 ஜூன் 16-ஆம் திகதி சின்ன மருது அந்தக் கோட்டைச் சுவரிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் வெள்ளையனுக்கு எதிராக அறிக்கை ஒட்டினார். அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்னால் கட்டபொம்மனைக் கயத்தாறில். பாளையங்கள் போய், கம்பனி வரியும் பஞ்சமும் வந்த மண்ணிலிருந்துதான் சனங்கள் கிளம்பினார்கள். கடல் கடந்து மன்னாரில் இறங்கி, காட்டுப் பாதையில் நடந்து, தம்புள்ளை, நாலந்தா, மாத்தளை. வாந்திபேதியும் அம்மையும் அந்தப் பாதையில் எத்தனையோ பேரைப் படுக்கவைத்தன. "நடந்து வந்தவங்க வழியில செத்தவங்கள மிதிச்சிட்டுத்தான் வந்தாங்க" என்று அப்பாயி சொல்லும்போது நான் சின்னப்பிள்ளை. கதை என்று நினைத்தேன்.

ஆக தம்பி, ஹெய்ட்டி அடிமை விலங்கை உடைத்தான், அதனால் அறுந்த கோப்பிச் சங்கிலி எங்கள் வாசலில் வந்து விழுந்தது. தங்கள் மண்ணில் எதிர்த்துத் தோற்ற சனம் கண்டிச் சீமைக்கு நடந்தது. அந்தக் காலத்தின் நடுவே நாம் நிற்கிறோம். பிள்ளைகளிடம் இதைத்தான் நான் சொல்வேன்.

1848-க்கு வருகிறேன், நான் கேட்க எழும்பிய கேள்வி. அந்த வருடம் பெப்ரவரியில் பாரிஸில் மறுபடி புரட்சி, லூயி பிலிப் மன்னர் ஓடினார். இங்கிலாந்தின் பண நெருக்கடியில் கோப்பி விலை விழுந்து கிடந்தது. தேசாதிபதி டொரிங்டன் வரி போட்டார். துவக்குக்கு இரண்டரை சிலிங், நாய்க்கு ஒரு சிலிங், கடைக்கு வரி, வள்ளத்துக்கு வரி. எல்லாவற்றுக்கும் மேலாக, வருடத்தில் ஆறு நாள் பாதை வேலை, இல்லாவிட்டால் மூன்று சிலிங். கொழும்பில் ஒப்சேவர் பத்திரிகை நடத்திய எலியட் என்ற ஐரிஷ் டொக்டர், பிரான்சைப் பாருங்கள் என்று எழுத, அது சிங்களத்தில் கைமாறியது. ஜூலை 26-ஆம் திகதி தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டாவுக்கு முடிசூட்டினார்கள். அங்கிருந்து மாத்தளைக்கு இறங்கினார்கள். 28-ஆம் திகதி கச்சேரி, அதாவது அரசாங்க அலுவலகம், உடைந்தது, கோப்பிக் களஞ்சியங்கள் சூறையாடப்பட்டன. அவர்கள் இறங்கிய தம்புள்ளை–மாத்தளைப் பாதையைக் கவனியுங்கள். எங்கள் ஆட்கள் நடந்து வந்த அதே பாதை. காட்டை இழந்தவனும் ஊரை இழந்தவனும் ஒரே செம்மண்ணில் நடந்திருக்கிறார்கள், ஒருவன் கதை ஒருவனுக்குத் தெரியாமல்.

மொரட்டுவையிலிருந்து வந்த புரன் அப்புவை ஓகஸ்ட் 8-ஆம் திகதி கண்டியில் சுட்டார்கள். குடாபொல என்ற பிக்குவைக் காவியோடு நிறுத்திச் சுட்டார்கள். பண்டாவுக்குக் கசையடி, பிறகு மலாக்காவுக்கு நாடு கடத்தல். இராணுவச் சட்டம் ஒக்டோபர் வரை நீடித்தது. இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் இது பெரிய பிரச்சினையாகி, டொரிங்டனைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள்.

பிள்ளைகளை ஒரு நாள் மாத்தளைக்குக் கூட்டி வாருங்கள். ரத்தோட்டையிலிருந்து பஸ்ஸில் வரும் தூரம்தானே. 1803-இல் மக்டொவல் பெயரில் கட்டிய கோட்டையின் வாசல் நிற்கிறது, உள்ளே கல்லறைத் தோட்டம். அப்புறம் புரன் அப்பு நினைவிடம். அங்கிருந்து நடந்தே முத்துமாரியம்மன் கோயிலுக்கு வந்துவிடலாம். அந்த வடக்குப் பாதையில் வந்த எங்கள் சனம் கும்பிட்ட அம்மன் அவள். மூன்றையும் அந்த ஒழுங்கிலேயே காட்டுங்கள். மாசி மகத்தன்று மட்டும் வேண்டாம், பஞ்சரதம் ஓடும், சின்னப் பிள்ளைகளைக் கூட்டத்தில் சமாளிக்க முடியாது. திகதியை இதழ் முகவரிக்கு எழுதுங்கள். கோட்டை வாசலில் காலை எட்டரைக்கு நிற்பேன்.